பள்ளி மணி அடித்த பிறகு: உழைப்பாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு எஞ்சுவது என்ன?

பள்ளிக் குழந்தையின் விளையாட்டு, வாசிப்பு, ஓய்வு ஆகியவை குறித்து இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ளது. முதலாவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களைக் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டுக் கருவிகளையும் கட்டாயமாக்குகிறது. இரண்டாவது, குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு மோடி அரசு கொண்டுவந்த திருத்தம். 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று கூறிவிட்டு, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் அபாயகரமானவை அல்லாத குடும்பத் தொழில்களில் குழந்தை உதவலாம் என்று அது வாசலைத் திறந்து வைத்தது.

ஏழைக் குழந்தையின் மாலை நேரம் எதற்குரியது என்ற கேள்விக்கு இவை இரண்டும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. முதல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அட்டவணை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது சட்டத்தை நடைமுறைப்படுத்த எந்த அதிகாரியும் தேவைப்படவில்லை. வறுமையே அதைச் செய்துவிடுகிறது. ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்ளவும், காய்கறித் தள்ளுவண்டியில் தந்தைக்குத் துணை நிற்கவும், தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பி தங்கையரைக் கவனிக்கவும் குழந்தைகள் பள்ளியிலிருந்து நேரே செல்கின்றனர். அதே நேரத்தில், அதே நகரத்தின் மறுகோடியில், வசதி படைத்த குடும்பத்தின் குழந்தை நீச்சல் குளத்துக்கும் சதுரங்கப் பயிற்சிக்கும் இசை வகுப்புக்கும் காரில் அழைத்துச் செல்லப்படுகிறது.

பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள இந்தச் செயல்பாடுகளை 'கூடுதல்' என்று அழைப்பது பழக்கமாகிவிட்டது. கல்வி குறித்த போராட்டக் கோரிக்கைகளிலும் இவை பட்டியலின் கடைசியில்தான் இடம்பெறுகின்றன. ஆசிரியர் பணியிடம், கட்டடம், கழிப்பறை, சத்துணவு ஆகியவற்றுக்குப் பிறகு, நேரமிருந்தால் நூலகமும் மைதானமும் பேசப்படுகின்றன. இந்த வரிசையை மறுபரிசீலனை செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது.

சந்தை நிரப்பும் மாலை நேரம்

ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட கல்வி குறித்த மாதிரி ஆய்வு, பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப் பயிற்சி வகுப்புகளுக்குச் செல்வதாகக் கூறுகிறது. மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவரின் பயிற்சி வகுப்புக்காக நகர்ப்புறக் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 9,950 ரூபாயும், கிராமப்புறக் குடும்பம் 4,548 ரூபாயும் செலவிடுகின்றன. அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கான சராசரி ஆண்டுச் செலவு 2,863 ரூபாய். பிற பள்ளிகளில் அது 25,002 ரூபாய். இது சராசரிக் கணக்கு. நீட், ஜேஇஇ தேர்வுகளுக்கான பெரும் பயிற்சி நிறுவனங்களின் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு.

இந்த எண்களில் இரண்டு உண்மைகள் உள்ளன. பள்ளி முடிந்த பிறகான நேரம் ஒரு பெரும் சந்தையாக மாறிவிட்டது என்பது ஒன்று. அந்தச் சந்தையில் விற்கப்படுவதில் பெரும்பகுதி குழந்தையின் ஆற்றலை விரிவுபடுத்தும் கல்வி அல்ல, பகலில் நடந்த பாடத்தின் மறுபதிப்பே என்பது மற்றொன்று. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு என்று ஓடும் நடுத்தர வர்க்கக் குழந்தையும் தன் விளையாட்டை இழந்துதான் நிற்கிறது. ராஜஸ்தானின் கோட்டா நகரத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் மாணவர் தற்கொலைச் செய்திகள் அந்த இழப்பின் கடைக்கோடியைக் காட்டுகின்றன. ஆகவே, மாலை நேரத்தைப் பொதுக் கல்வியின் பகுதியாக்கும் கோரிக்கை, பாட்டாளி வர்க்கத்தையும் நடுத்தர வர்க்கத்தின் பெரும்பகுதியையும் ஒருங்கிணைக்கக்கூடிய கோரிக்கையாகும்.

விளையாட்டிலும் கலையிலும் இதே பிளவு நிலவுகிறது. ஓவியம், நடனம், இசை, ரோபோ தயாரிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனியார் பள்ளிகள் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன; விளம்பரப் பலகைகளில் மதிப்பெண்களுக்கு அடுத்து அவற்றைத்தான் அச்சிடுகின்றன. அரசுப் பள்ளியில் உடற்கல்விப் பாடவேளை தேர்வு நெருங்கும்போது கணக்குப் பாடத்துக்குக் கைமாறுகிறது. உழைப்பாளர் வீட்டுக் குழந்தைக்கு எழுத்தும் கணக்கும் போதும், கலையும் அறிவியல் ஆர்வமும் வசதியுள்ளோருக்கு உரியவை என்ற கருத்து யாராலும் அறிவிக்கப்படாமலே நடைமுறையாகிறது. குலத்துக்கு ஒரு தொழில் என்று விதித்த பழைய சமூகத்தில் இக்கருத்து எளிதாக வேரூன்றுகிறது.

தொழிலாளர் இயக்கத்தின் பழைய கோரிக்கை

இந்தப் பிரச்சினை தொழிலாளர் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1866இல் ஜெனீவாவில் கூடிய முதலாம் அகிலத்தின் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்காக மார்க்ஸ் எழுதிய வழிகாட்டுதல், கல்வி என்பதை மூன்று கூறுகளாகப் பிரித்தது: அறிவுக் கல்வி, உடற்பயிற்சி வழியான உடற்கல்வி, உற்பத்தியின் பொதுக் கோட்பாடுகளையும் எளிய கருவிகளைக் கையாளும் திறனையும் தரும் தொழில்நுட்பப் பயிற்சி. மூலதனம் நூலின் முதல் தொகுதியில், எதிர்காலக் கல்வியின் முளையை ராபர்ட் ஓவனின் முயற்சிகளில் அவர் அடையாளம் கண்டார். உழைப்பையும் படிப்பையும் உடற்பயிற்சியையும் இணைக்கும் கல்வி முழுமையான மனிதர்களை உருவாக்கும் என்பது அவரது கருத்து. வேலை நாளைக் குறைக்கும் போராட்டத்தின் உட்பொருளும் இதுதான். வளர்ச்சிக்கான நேரம் உழைப்பாளருக்கும் அவர் குழந்தைக்கும் வேண்டும் என்பதே அது.

சோவியத் ஒன்றியத்தில் முன்னோடிகள் மாளிகைகள் என்ற பெயரில் பள்ளிக்குப் பிந்தைய மையங்கள் நாடு முழுவதும் இயங்கின. நடனம், சதுரங்கம், விமான மாதிரி, இயற்கை ஆய்வு என எதற்கும் குழந்தை கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. மாஸ்கோவில் அச்சிடப்பட்ட குழந்தைகள் நூல்கள் தமிழிலும் வந்தன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றைச் சில ரூபாய் விலையில் சிற்றூர்கள்வரை கொண்டுசேர்த்தது. வீட்டில் வேறு புத்தகமே இல்லாத ஒரு தலைமுறைக்கு அவையே முதல் கதைப் புத்தகங்களாக இருந்தன. நேரு காலத்தில் 1956இல் டெல்லியில் தொடங்கப்பட்ட தேசிய பால பவன், அரசு செலவில் குழந்தைகளுக்கான படைப்பு மையம் இயங்க முடியும் என்பதற்கு உள்நாட்டு முன்மாதிரி. அந்த முன்மாதிரி ஒன்றியம்தோறும் பரவியிருக்க வேண்டும். பெருநகரங்களிலும் சில மாவட்டத் தலைநகரங்களிலும் அது நின்றுவிட்டது.

சட்டம் சொல்வதும் பள்ளியில் நடப்பதும்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் கலைக் கல்வி, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, பணிக் கல்வி ஆகிய மூன்றுக்கும் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. ஆனால் அந்தப் பயிற்றுநர்களுக்கு முன்னால் 'பகுதிநேர' என்ற சொல்லைச் சேர்த்தது. சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இந்த ஒரு சொல்தான். ஓவியமும் விளையாட்டும் கைத்தொழிலும் பகுதிநேரக் கல்வி என்று நாடாளுமன்றமே முத்திரை குத்திவிட்டது.

விளைவை நாடு முழுவதும் காணலாம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு இந்த விதியின்கீழ் பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி கற்பிக்கும் அவர்கள் பணி நிரந்தரம் கோரி ஆட்சிகள் மாறியும் போராடி வருகின்றனர். உத்தரப் பிரதேசத்தில் 'அனுதேசக்' என்று அழைக்கப்படும் இதே வகைப் பயிற்றுநர்கள் மாதம் 7,000 ரூபாய்க்குப் பணியாற்றினர். அறிவிக்கப்பட்ட 17,000 ரூபாயைப் பெறுவதற்காக அவர்கள் நீதிமன்றப் படிகளில் ஏற வேண்டியிருந்தது. கோடை விடுமுறை மாதத்தில் ஊதியமின்றி வேறு வேலை தேடும் ஓவிய ஆசிரியரிடமிருந்து குழந்தைகளின் கற்பனையை வளர்க்குமாறு அரசு எதிர்பார்க்கிறது.

பள்ளித் தகவல் தொகுப்பான யூடைஸ் அறிக்கையின் 2024-25ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். அப்பள்ளிகளில் 33 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் படிக்கின்றனர். ஐந்து வகுப்புகளையும், சத்துணவுக் கணக்கையும், இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களையும் ஒருவரே பார்க்கும் இடத்தில் நாடகமும் நூலக வேளையும் எங்கிருந்து வரும்? அதே அறிக்கை, பத்தில் எட்டுக்கும் அதிகமான பள்ளிகளில் விளையாட்டு மைதானமும், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பள்ளிகளில் நூலகமும் இருப்பதாகக் காட்டுகிறது. படிவத்தில் 'உண்டு' என்று குறிக்கப்படும் நூலகம் பல ஊர்களில் தலைமையாசிரியர் அறையின் பூட்டிய பீரோவாக இருப்பதைப் பெற்றோர் அறிவார்கள். புத்தகம் தொலைந்தால் ஆசிரியர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அச்சத்தால் புத்தகங்கள் குழந்தைகளின் கைக்கு வருவதில்லை. மைதானம் என்பது கட்டுமானப் பொருள் குவித்த வெற்றிடமாகவோ, பெண் குழந்தைகள் கால் வைக்காத இடமாகவோ இருக்கலாம். படிவம் இதையெல்லாம் கேட்பதில்லை.

கொள்கை முழக்கமும் நிதி ஒதுக்கீடும்

தேசியக் கல்விக் கொள்கை 2020 இவ்விஷயத்தில் கவர்ச்சியான வாக்குறுதிகளைத் தருகிறது. பாடம், பாட இணைச் செயல்பாடு, பாடம்சாராச் செயல்பாடு என்ற கடினமான பிரிவினை இருக்காது என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களை முன்மொழிகிறது; அந்நாட்களில் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் குழந்தைகள் பழகுவார்கள் என்கிறது. கேட்பதற்கு இவை மார்க்சின் தொழில்நுட்பக் கல்வியைப் போலத் தோன்றலாம். வேறுபாடு அடித்தளத்தில் இருக்கிறது.

பிரிவினையை நீக்க வேண்டுமானால் கலை, விளையாட்டு, கைத்தொழில் ஆசிரியர்களுக்குப் பாட ஆசிரியர்களுக்கு இணையான நிரந்தரப் பணியிடம் வேண்டும். கொள்கை அதற்கு உத்தரவாதம் தரவில்லை. தொழில் அறிமுகம் பொதுக் கல்வியின் உரமாக அமைய வேண்டுமானால், எல்லாக் குழந்தைகளும் எல்லா வகை உழைப்பையும் அறிய வேண்டும். சாதியும் தொழிலும் பிணைந்து கிடக்கும் நாட்டில், போதிய ஆசிரியர்களும் பொதுவான பாடத்திட்டமும் இல்லாமல் தொழிற்கல்வியை இளம் வயதிலேயே நுழைத்தால், குயவர் வீட்டுப் பிள்ளை மண் பிசையவும் அதிகாரி வீட்டுப் பிள்ளை நிரல் எழுதவும் பயிலும் நிலைதான் உறுதிப்படும். இராஜாஜி ஆட்சியில் 1953ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று பெயரிட்டு முறியடித்தது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்பதே அத்திட்டத்தின் சாரம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 'பள்ளி நேரத்துக்குப் பிறகு' என்ற சொற்களில் அதே குரல் திரும்பி வந்திருக்கிறது.

நிதியைப் பார்த்தால் நோக்கம் தெளிவாகிறது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று 1964-66ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இலக்கு எட்டப்படவில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் விளையாட்டுக் கருவிகளுக்காகத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் என வரம்பு வகுக்கப்பட்டது. 100 குழந்தைகள் உள்ள தொடக்கப் பள்ளியில் இது தலைக்கு ஆண்டுக்கு 50 ரூபாய்.

மறுபுறத்தில் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2016இல் தொடங்கிய இத்திட்டத்தில் தனியார் பள்ளிகளும் பயனடைந்தன. சுமார் 10,000 ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசுப் பள்ளிகளுக்கு மேலும் 50,000 ஆய்வகங்கள் அறிவிக்கப்பட்டன. நாட்டில் உள்ள பள்ளிகளின் எண்ணிக்கை 14.7 லட்சம். முப்பரிமாண அச்சு இயந்திரமும் மின்னணுக் கருவிகளும் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. ஆனால் அவற்றை இயக்கிக் காட்டப் பயிற்சி பெற்ற அறிவியல் ஆசிரியர் இல்லாத பள்ளியில் கருவிகள் உறையோடு கிடக்கும். சில பள்ளிகளைக் காட்சிப்பொருளாக்கிவிட்டு மீதியைக் கைவிடும் இந்த அணுகுமுறையின் பெரிய வடிவம்தான் பிஎம்ஸ்ரீ. அத்திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. மாநிலத்தின் கொள்கை முடிவுக்காக ஏழைக் குழந்தைகளைத் தண்டித்த நடவடிக்கை அது.

சாத்தியம் என்று காட்டிய முயற்சிகள்

குறைந்த செலவில் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உள்ளன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. மலிவான பொருட்களால் ஆன சோதனைப் பெட்டி, வயல்வெளியில் உற்றுநோக்கல், குழுவாகச் சோதனை, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு என்று கிராமப்புற அரசுப் பள்ளியின் அறிவியல் வகுப்பே மாறியது. ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதை முன்னெடுத்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் என்பதை மறக்க வேண்டியதில்லை. அரசின் விருப்பத்தை மட்டும் நம்பிய முயற்சி, வெகுமக்கள் அமைப்பின் பாதுகாப்பு இல்லாதபோது ஒரே உத்தரவில் முடிந்துவிடும் என்பது அதன் படிப்பினை.

கேரளத்தில் அந்தப் பாதுகாப்பு நீண்ட காலமாகக் கட்டப்பட்டது. 1945இல் பி.என்.பணிக்கரின் முயற்சியால் உருவான நூலக இயக்கம் கிராம நூலகங்களை ஒரு வலைப்பின்னலாக்கியது. அவற்றின் பாலவேதிகள் குழந்தைகளுக்கு மாலை நேர இடமாயின. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், யுரேகா போன்ற குழந்தைகளுக்கான அறிவியல் இதழ்களை நடத்தியது. 2018இல் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அசைவூட்டப் படமும் நிரலாக்கமும் பயில்கின்றனர். பன்னாட்டு நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் செலுத்தாமல் இது நடக்கிறது.

கேரளப் பள்ளிக் கலை விழா 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. கதகளியையும் ஒப்பனையையும் நாடகத்தையும் ஒரே விழாவில் பல்லாயிரம் மாணவர்கள் நிகழ்த்தும் பெருவிழாவாக அது வளர்ந்தது. அதன் குறைகளையும் கேரள மக்களே விவாதித்தனர். தனிப் பயிற்சியாளருக்கும் ஆடை அணிகலனுக்கும் பெற்றோர் பெரும் தொகை செலவிட்டனர். கருணை மதிப்பெண்ணுக்காகப் போட்டி முற்றியது. தீர்ப்புகளை எதிர்த்து நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1986 முதல் வழங்கப்பட்ட கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் இந்தப் போட்டியை வளர்த்ததால் பின்னர் கைவிடப்பட்டு, தரநிலை முறை வந்தது. பணியர், இருளர் நடனங்கள் உள்ளிட்ட ஐந்து பழங்குடிக் கலைகள் 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில்தான் போட்டி மேடை ஏறின. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. எந்தக் கலை மேடைக்கு உரியது என்ற முடிவிலும் சாதியும் வர்க்கமும் செயல்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மாநில மேடையில் பரிசு பெறும் ஒரு குழந்தையின் புகைப்படம் மகிழ்ச்சி தரும். ஆனால் ஆண்டு முழுவதும் பறையோ ஓவியத் தூரிகையோ கைக்குக் கிடைக்காத ஆயிரம் குழந்தைகளின் நிலையை அது மாற்றாது. போட்டி என்பது அன்றாடச் செயல்பாட்டின் உச்சமாக இருக்கலாம். அதற்கு மாற்றாக இருக்க முடியாது.

கர்நாடகத்தின் கிராம ஊராட்சி நூலகங்கள் மற்றொரு வழியைக் காட்டுகின்றன. 2019இல் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்புக்கு வந்த இந்நூலகங்கள் புதுப்பிக்கப்பட்டன. பள்ளி வயதுக் குழந்தைகளுக்குக் கட்டணமில்லா உறுப்பினர் தகுதி வழங்கப்பட்டது. வண்ணம் பூசிய சுவரும் சில நூறு புத்தகங்களும் மாலையில் திறந்திருக்கும் கதவும் இருந்தால் குழந்தைகள் தாமாகவே வருகிறார்கள்.

வெற்றிடத்தை யார் நிரப்புகிறார்கள்?

அரசு கைவிட்ட மாலை நேரம் வெறுமையாக இருப்பதில்லை. சந்தை ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. கைப்பேசி மற்றொரு பகுதியை விழுங்குகிறது. மூன்றாவதாக ஒரு சக்தி பல பத்தாண்டுகளாகத் திட்டமிட்டு இந்நேரத்தைக் கைப்பற்றி வருகிறது. ஆர்எஸ்எஸ் ஷாகாவின் அன்றாட நிகழ்ச்சி விளையாட்டும் உடற்பயிற்சியும் கொண்டது. 1952இல் கோரக்பூரில் முதல் சரஸ்வதி சிசு மந்திர் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்த பள்ளிகள் இன்று நாடு முழுவதும் உள்ளன. ஆதிவாசிக் கிராமங்களில் ஏகல் வித்யாலயா என்ற ஓராசிரியர் மையங்கள் இயங்குகின்றன. மைதானம் இல்லாத ஊரில் விளையாட்டும், புத்தகம் இல்லாத ஊரில் கதையும் தருபவர்களிடம் குழந்தை செல்கிறது. விளையாட்டோடு சேர்த்து, அண்டை வீட்டு இஸ்லாமியக் குழந்தையை அந்நியனாகப் பார்க்கும் வரலாறும் கற்பிக்கப்படுகிறது.

இதைக் கண்டன அறிக்கைகளால் மட்டும் எதிர்கொள்ள முடியாது. தலித் குழந்தையும் சாதி இந்துக் குழந்தையும் ஒரே பந்தை உதைக்கும் மைதானமும், இஸ்லாமியச் சிறுமியும் கிறிஸ்தவச் சிறுவனும் ஒரே நாடகத்தில் நடிக்கும் மேடையும் உருவாக்கப்படும்போதுதான் மதச்சார்பின்மை குழந்தைகளின் அன்றாட அனுபவமாகும். 1938இல் கல்லியாசேரியில் தேசாபிமானி பாலசங்கத்தைத் தொடங்கியவர்கள் விடுதலைப் போராட்டத்தின் நெருக்கடிக்கு நடுவிலும் இதை உணர்ந்திருந்தனர். இன்று இடதுசாரிகளின் குழந்தைகள் அமைப்புகள் பல இடங்களில் கோடை முகாமோடு ஓய்ந்துவிடுகின்றன. சில இடங்களில் குழந்தைகள் ஊர்வலத்தின் முன்வரிசையில் கொடி பிடிப்பதற்கு மட்டும் அழைக்கப்படுகின்றனர். இது சுயவிமர்சனத்துக்குரியது. தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலும் டியூஷனிலும் சேர்த்துவிட்டு அரசுப் பள்ளிக்காகத் தெருமுனைக் கூட்டம் நடத்தும் உறுப்பினர்கள் மக்களிடம் என்ன நம்பகத்தன்மையைப் பெற முடியும் என்பதும் கிளைக் கூட்டங்களில் நேர்மையாக விவாதிக்கப்பட வேண்டும்.

எழக்கூடிய எதிர்வாதங்கள்

எட்டாம் வகுப்பு மாணவருக்கே தாய்மொழியைத் தடையின்றி வாசிக்க வராத நிலையில் கலையும் விளையாட்டும் ஆடம்பரம் என்று சிலர் கூறலாம். கதைப் புத்தகம் கையில் கிடைக்காத குழந்தை எப்படி வாசிப்பில் தேறும் என்ற கேள்வியே இதற்கு விடை. நாடகத்தில் வசனம் பேசும் குழந்தை வாசிக்கப் பழகுகிறது. கபடிக் கோட்டை அளந்து வரையும் குழந்தை கணக்குப் பழகுகிறது. மேலும், பள்ளியில் மகிழ்ச்சி தரும் ஏதேனும் ஒன்று இருக்கும்போதுதான் இடைநிற்றலின் விளிம்பில் உள்ள குழந்தை மறுநாளும் வருகிறது.

ஆசிரியர்களின் சுமை கூடும் என்ற அச்சம் நியாயமானது. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குத் தயாரிப்பு நேரம் உட்பட வாரம் 45 மணி நேரம் என வரையறுத்துள்ளது. அதற்கு மேல் ஊதியமின்றி மாலைப் பணி செய்யச் சொல்வது சுரண்டலே. தன்னார்வலர் என்ற பெயரில் வேலையற்ற பட்டதாரிப் பெண்களை ஆயிரம், ரூபாய் இரண்டாயிரத்துக்கு அமர்த்துவதும் அதே வகைதான். புதிய பணிக்குப் புதிய பணியிடம் என்பதில் சமரசம் கூடாது. அதனால்தான் இந்தக் கோரிக்கை ஆசிரியர் சங்கங்களின் வேலைவாய்ப்புக் கோரிக்கையோடு இணைகிறது.

பெண் குழந்தைகளின் நிலை தனிக் கவனத்துக்குரியது. தண்ணீர் எடுப்பதும் சமையலும் காத்திருக்கும் வீட்டில் சிறுமிக்கு மாலை நேரமே இல்லை. மாலை ஐந்தரை மணிக்குப் பேருந்து இல்லாத ஊரில், பள்ளிக் கால்பந்து அணி ஆண்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். பேருந்து நேரம், தெருவிளக்கு, மைதானத்தருகே கழிப்பறை, பெண் உடற்கல்வி ஆசிரியர் ஆகியவை இல்லாமல் சமவாய்ப்பு பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கிளைகளின் முன்னுள்ள பணிகள்

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் உள்ள 'பகுதிநேர' என்ற சொல் நீக்கப்பட்டு, கலை, உடற்கல்வி, பணிக் கல்வி ஆசிரியர்கள் முழுநேர நிரந்தர ஊழியர்களாக நியமிக்கப்பட வேண்டும். இப்போது பணியில் உள்ளோர் முன்னுரிமையுடன் நிரந்தரமாக்கப்பட வேண்டும். பள்ளி நூலகத்துக்கும் விளையாட்டுக்குமான மானியம் மாணவர் எண்ணிக்கையின் அடிப்படையில் உயர்த்தப்பட வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். மாலைச் செயல்பாட்டில் பங்கேற்கும் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தரப்பட வேண்டும். மதிய உணவோடு மாலை ஆறு மணிவரை எந்தக் குழந்தையும் ஓடி விளையாட முடியாது. மாநிலங்களுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி எந்த நிபந்தனையுமின்றி விடுவிக்கப்பட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணிகளும் உள்ளன. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கட்சி உறுப்பினர்களும் மாதர் அமைப்பின் தோழர்களும் அக்குழுக்களில் இடம்பெற்று மூன்று கேள்விகளை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்பலாம்: நூலகப் பீரோ இந்த மாதம் எத்தனை நாள் திறந்தது? விளையாட்டு மானியத்தில் என்ன வாங்கப்பட்டது? கால அட்டவணையில் உள்ள விளையாட்டு, ஓவியப் பாடவேளைகள் உண்மையில் நடந்தனவா? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறுவதே பல பள்ளிகளில் மாற்றத்தைத் தொடங்கிவைக்கும்.

கட்சி அலுவலகங்களும் தொழிற்சங்கக் கட்டடங்களும் மாலை நேரங்களில் பெரும்பாலும் பூட்டியே இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மாலைகள் அவற்றின் முன் அறையைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட முடியும். ஓய்வு பெற்ற ஆசிரியர், நாட்டுப்புறக் கலைஞர், மின்பணியாளர், தச்சர், செவிலியர் என அமைப்புக்குள்ளேயே கற்பிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மின்பணியாளர் எளிய மின்சுற்றை விளக்கும்போது குழந்தைகள் அறிவியலோடு உழைப்பின் மதிப்பையும் கற்கிறார்கள். அங்கு வரும் குழந்தைகளிடம் முழக்கம் கற்பிக்க அவசரப்பட வேண்டியதில்லை. கேள்வி கேட்கவும், சேர்ந்து செய்யவும், தோற்றால் கைகுலுக்கவும் பழகினால் போதுமானது. அங்கு நடப்பது அரசின் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் அதையே கோரிப் பெறுவதற்கான முன்மாதிரியாக அமைய வேண்டும்.

வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் எல்லைக்குட்பட்ட ஒரு பள்ளியையேனும் தேர்ந்தெடுத்து, அதன் மைதானம், நூலகம், கலை ஆசிரியர் நிலை குறித்து ஒரு பக்க அறிக்கை தயாரித்துப் பெற்றோர் கூட்டத்தில் வைக்க முடியும். அறிக்கையோடு பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். போராட்டம் அங்கிருந்து தொடங்கும்.